காலில் எச்சில் ஊறுமா

என் வாழ்நாளில் நான் பார்த்து அலறிய பொருள் ஒன்றே ஒன்றுதான். பாம்பு அல்ல, பிணம் அல்ல. பிணவறைக்கு அடுத்த அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றவன் நான். நான் அலறியது ஓர் எச்சில் சுரப்பியைப் பார்த்து. கடுகை நாலாகக் கிள்ளினால் ஒரு துணுக்கு வருமே, அந்த அளவுகூட இருக்காது. ஆனால் அது இருந்த இடம் ஒரு மனிதனின் குதிகால். குதிகாலில் எச்சில் சுரப்பி இருக்காது. காலில் எச்சில் ஊறுமா?

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, கந்தோர்களில் எழுதுகிற கிராணி வேலை தேடி, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சோதனைக்கூட உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நடந்தது என் பிழை, அதன் பிழையல்ல.

வேலை இதுதான். நோயாளியின் புண்ணிலிருந்தோ கட்டியிலிருந்தோ டாக்டர்மார் ஒரு சிறு துண்டு வெட்டி, பார்மலின் நிரப்பிய புட்டியில் போட்டு அனுப்புவார்கள். நான் அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் அமிழ்த்தி, கட்டியானதும் கத்திப் பொறியில் வைத்து வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவுவேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, முதலில் நீலச் சாயம், பிறகு சிவப்புச் சாயம் ஏற்றுவேன். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுபவர் எங்கள் துரை. சனங்கள் அவரைக் கண்ணாடித் துரை என்பார்கள். அறுவை செய்கிறவர் கத்தித் துரை. கண்ணாடித் துரை எழுதுகிறபடி கத்தித் துரை வெட்டுவார், அல்லது வெட்டாமல் விடுவார்.

பார்ப்பது என் வேலை அல்ல. ஆனால் சோறு ஆக்குகிறவள் ருசி பார்க்காமல் இருப்பாளா? துரை இல்லாத நேரங்களில் எல்லாவற்றையும் பார்த்தேன். சாதாரணத் தோல் செங்கல் அடுக்கியதுபோல ஒழுங்காக இருக்கும். மேல் அடுக்கு மேலேதான் நிற்கும், கீழே இறங்காது. புற்று என்றால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். மேலே நிற்க வேண்டிய அடுக்கு கீழே சதைக்குள் இறங்கி, அங்கங்கே கூடு கட்டி, கூட்டின் நடுவில் வெங்காயத்தை அரிந்ததுபோல வளையம் வளையமாகச் சுருண்டு கிடக்கும். காச நோய் வேறு மாதிரி, குஷ்டம் வேறு மாதிரி. வெளியே ஒரே மாதிரி அழுகி நாறுகிற நாலு புண்கள், கண்ணாடிக்குக் கீழே நாலு சாதி. இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் பெரிய தலைக்கனம். வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெசர்மாரையும் வாசல் கிராணியையும் நான் மனிதராகவே மதித்ததில்லை. அவர்கள் எழுதியனுப்பும் சீட்டுகளைப் பார்த்தாலே எனக்குப் பித்தம் தலைக்கேறும்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு புட்டிகள் வந்தன. இரண்டிலும் ஒரே பெயர்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதில் இரண்டு சொற்கள், முதலாவது சிவனுடைய பெயர்களில் ஒன்று, இரண்டாவது முருகனுடையது. நான் சிவன், முருகன் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு புட்டியிலும் 'சிவன் முருகன்'. கூட வந்த இரண்டு சீட்டிலும் 'சிவன் முருகன்'. ஒரு சீட்டில் குதிகால் புண் என்றிருந்தது, மற்றதில் கன்னத்தின் உட்புறப் புண் என்றிருந்தது. புட்டிகளின் மேல் பெயர் மட்டும்தான், எந்த இடத்துச் சதை என்று எழுதவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. எந்தப் புட்டி எந்தச் சீட்டுக்கு?

போய்க் கேட்டிருக்கலாம். முற்றத்தைத் தாண்டினால் வார்டு. ஆனால் எனக்குக் கோபம். ஒரே ஆளிடம் இரண்டு துண்டு வெட்டி, எது எது என்று எழுதக்கூடக் கை வலிக்கிறதா இவன்களுக்கு என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு என் புத்தியை நம்பினேன். ஒரு புட்டியில் இருந்தது கொஞ்சம் பெரிய துண்டு, மற்றதில் சிறியது. குதிகால் பெரிய இடம், தாராளமாக வெட்டலாம். கன்னம் சிறிய இடம், கிள்ளித்தான் எடுக்க வேண்டும். எனவே பெரியது கால், சிறியது கன்னம். ஒரே ஆள்தானே, மாறினால்தான் என்ன, எல்லாம் அவன் உடம்புதானே என்று அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். நான் கன்னத்துக்கும் குதிகாலுக்கும் போட்டேன்.

புதன்கிழமை துரை பார்த்தார். மலேரியா ரத்தக் கண்ணாடிகள் மேசை முழுவதும் குவிந்து கிடந்த நாள். குதிகால் என்று நான் எழுதி வைத்திருந்த கண்ணாடியில் கண்ணை வைத்தவர் உடனேயே புற்று என்று எழுதினார். சந்தேகத்துக்கு இடமில்லாத புற்று, நடுவில் கூடு கூடாக இருந்தது. கன்னம் என்றதில் வெறும் ஆறாத புண், வேறொன்றும் இல்லை என்று எழுதினார். சீட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின. நான் அடுத்த புட்டியை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை துரை படகேறித் தடுப்புத் தீவுக்குப் போய்விட்டார். ஏதோ கப்பலில் காய்ச்சல். எட்டரை மணி இருக்கும், என் கதவடியில் ஒரு மனிதர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, ஒரு பக்கக் கன்னம் வெற்றிலையை ஒதுக்கி வைத்ததுபோலப் புடைத்திருந்தது. வெற்றிலையை ஒதுக்கியிருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கிராணி ஐயா," என்று கும்பிட்டார். "எம்மவன் காலை இன்னிக்குப் பத்து மணிக்கு வெட்டப் போறாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்துருவாங்களாம். நீங்கதான் கண்ணாடியில பாத்ததுன்னு சொன்னாங்க. இன்னொரு தடவ பாருங்கய்யா."

"பாக்கிறது நான் இல்லை, துரை," என்றேன். "அவர் இண்டைக்கு இல்லை."

அவர் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். சிராங்கூன் ரோட்டில் சுண்ணாம்புக் கம்பம் என்கிற குடியிருப்பில் மாட்டுவண்டி ஓட்டுகிறார்களாம், தகப்பனும் மகனும். காளவாயிலிருந்து சுண்ணாம்பு ஏற்றி ஊரெல்லாம் இறக்குவது. மகனுக்கு இருபத்துநாலு வயது, கல்யாணமாகி வருடம் ஒன்று ஆகிறது. போன மழையில் ஈரச் சுண்ணாம்பில் காலை வைத்துவிட்டான், குதிகால் வெந்துபோனது, அதற்குப் பிறகு ஆறவே இல்லை. "காலு போனா வண்டியில ஏறி உக்காரலாம்யா, ஆனா மாடு படுத்துக்கிட்டா எறங்கி எழுப்ப வேணாமா?" என்றார். அதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. நியாயம் கேட்பதுபோலச் சொன்னார்.

ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடலாம் என்று பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். "உங்கட மகன்ர பேர் என்ன?"

சிவனின் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார், முருகன்.

"ஓம், இருக்கு. குதிகால், புற்று. ஒண்டும் செய்யேலாது அப்பா. ஆனால் பாருங்கோ, கன்னத்திலை இருக்கிற புண் ஒண்டும் இல்லை எண்டு எழுதியிருக்கு. அந்த மட்டுக்கு உங்கட மகனுக்கு நல்ல காலம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவனுக்குக் கன்னத்துல ஒண்ணுமில்லியேய்யா. கன்னத்துல புண்ணு எனக்குல்ல? அவனைக் கூட்டிட்டு வந்தப்ப எம் வாயையும் பாத்து ஒரு துண்டு கிள்ளி எடுத்தாங்க. சாதாப் புண்ணுதான், வெத்தலைய விட்டுருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. "உங்கட பேர் என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

முருகனின் பெயரைச் சொன்னார்.

"தகப்பன் பேர்?"

சிவனின் பெயரைச் சொன்னார். நான் வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்து, எனக்கு ஊர் வழக்கம் தெரியாதோ என்று இரக்கப்பட்டவர்போல விளக்கினார். "எங்கப்பா பேரத்தான் எம்மவனுக்கு வச்சேன். பேரனுக்குத் தாத்தா பேருதானேய்யா வைப்போம்?"

எனக்குத் தெரியாதா! எனக்கே என் பாட்டன் பெயர்தான். என் தம்பிக்கு அம்மாவின் அப்பா பெயர். தமிழ்ச் சாதியில் பாதிப் பேர் பாட்டனின் பெயரைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். மகனைப் பதிந்தது வாசலில் இருந்த யுரேசியன் கிராணி, வெள்ளைக்காரக் கலப்பு. அவன் தன் வழக்கப்படி ஆள் பெயரை முதலிலும் தகப்பன் பெயரைப் பின்னாலும் எழுதியிருக்கிறான், நடுவில் 'இன்னார் மகன்' என்று போடச் சோம்பல். எனவே சிவன் முருகன். தகப்பனைப் பதிந்தது எங்கள் ஊர் டிரெசர். அவர் நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னாலும் ஆள் பெயரைப் பின்னாலும் எழுதியிருக்கிறார். எனவே இவரும் சிவன் முருகன். இரண்டு பேருமே சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு சரிகளும் சேர்ந்து ஓர் ஆளாகி என் மேசைக்கு வந்தன. வெள்ளைக்காரனுக்கு இது தெரியாது, சீனனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். நான் துண்டின் பருமனைப் பார்த்துப் பங்கு பிரித்திருக்கிறேன்.

  

பெரியவரை வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். மனது சொல்லிற்று, உன் ஊகம் சரியாகவும் இருக்கலாமே, பாதிக்குப் பாதி.  குதிகால் என்று நான் எழுதியிருந்ததை வைத்தேன். நடுவில் புற்றுக் கூடுகள், துரை சொன்னதுபோலவே. துரை அங்கேயே நிறுத்தியிருப்பார். தேடியது கிடைத்த பிறகு யார் மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள்? நான் கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினேன். இன்னும் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

ஓரத்தில், சாயம் வெளுத்த குட்டிக் குட்டி அறைகள் குலையாகக் கூடி நின்றன. ஒவ்வோர் அறையின் அடியிலும் நீலப் பொட்டு நசுங்கிக் கிடந்தது. மருத்துவப் பள்ளி மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக இதே சாமானை எத்தனையோ தடவை நானே வெட்டிச் சாயம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எச்சில் சுரப்பி. வாய்க்குள்ளே, கன்னத்துச் சதைக்கு அடியில் இருப்பது.

அப்போதுதான் அலறினேன். வாங்கில் இருந்தவர் எழுந்து உள்ளே ஓடிவந்துவிட்டார்.

"ஒண்டுமில்லை, இருங்கோ, இருங்கோ," என்று அவரை விரட்டிவிட்டு மற்றக் கண்ணாடியை வைத்தேன். கன்னமாம்! வெறும் புண்தான், ஆனால் அதன் ஓரத்தில் செருப்புத் தோல் கனத்துக்குச் சிவந்த மேற்பட்டை. ஒரு மயிர்க்குழிகூட இல்லை. வியர்வைக் குழாய் திருகாணிபோல அந்தப் பட்டைக்குள் ஏறிப் போயிருந்தது. அப்படிப்பட்ட தோல் மனித உடம்பில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் உண்டு. வாய்க்குள் அப்படித் தோல் இருந்தால் அந்த மனிதன் வாயாலே நடந்திருக்க வேண்டும்.

சதைக்குப் பெயர் கிடையாது. அப்பன் பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற வழக்கு அதற்கு இல்லை. தான் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டு என் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன்.

மணி ஒன்பதே முக்கால். கண்ணாடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பித்தளை மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதைத் தொடவே எனக்கு உத்தரவில்லை, தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கே! முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்து எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று கத்தினாள். பின்னாலேயே பெரியவரும் ஓடிவந்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் ஓடிவந்தார்.

அறுவைக் கூடத்து வாசலில் எங்கள் ஊர் டிரெசர் கையை நீட்டி மறித்தார். "உள்ளுக்குப் போகேலாது. தொடங்கியாச்சு."

"தொடங்கியாச்சோ? வெட்டியாச்சோ?"

"குளோரோபாம் குடுத்தாச்சு. என்ன உமக்கு விசரே?"

தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் அந்தப் பையன் கிடந்தான், முகத்தின் மேல் மயக்க மருந்து சொட்டுகிற துணிக்கூடு. இடது காலில் தொடையில் ரப்பர் பட்டை இறுக்கியிருந்தது, முழங்காலுக்குக் கீழே மருந்து பூசி மஞ்சளாக இருந்தது. அவன் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கத்தித் துரை சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். ஒரு வெள்ளைக்காரரிடம் 'சார்' சேர்க்காமல் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லோரும் திரும்பினார்கள்.   எத்தனையோ பொய் அந்த நேரத்தில் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. வாசல் கிராணி தப்பாக எழுதினான், டிரெசர் தப்பாக எழுதினார், எது சொன்னாலும் செல்லும். "பிழை நடந்துவிட்டது. என் பிழை. இது வேறு ஆளுடைய புற்று," என்றேன்.

"உனக்கு யார் சொன்னது?"

"கண்ணாடி, சார்."

"கண்ணாடியை யார் பார்த்தது?"

"நான்தான், சார்."

அவர் முகம் சிவந்தது. என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். அதற்குள் மைக்ரோஸ்கோப்பை ஜன்னல் திண்டில் வைத்து வெளிச்சம் விழுகிற மாதிரி அடிக் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.  "ஓரத்தைப் பாருங்கள், சார். ஒரு நிமிடம். பார்த்துவிட்டு என்னைப் பொலிசில் கொடுங்கள்."

குனிந்தார். அவர் குனிந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. துணிக்கூட்டில் மருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

"இது என்ன?" என்றார் தலை நிமிராமல்.

"எச்சில் சுரப்பி, சார்."

"குதிகாலிலா?"

"காகிதம் அப்படித்தான் சொல்கிறது, சார்."

மற்றக் கண்ணாடியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைக் கௌரவமான புத்தகத்தில் அச்சடிக்க முடியாது. அதைவிட இனிமையான ஆங்கிலத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. கத்தியைத் தட்டில் போட்டார். ரப்பர் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். பட்டை அவிழ்ந்ததும் வெளிறிக் கிடந்த பாதத்தில் மெல்ல ரத்தம் ஏறி நிறம் வந்தது. அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட யாருக்கும் தோன்றவில்லை.

கத்தித் துரை வெளியே போய் வாசலில் நின்ற பெரியவரின் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே விரலை விட்டுத் தடவினார். தாடைக்குக் கீழேயும் தடவினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனாலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "நீயே சொல்," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எப்படிச் சொல்வது? வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் நல்லதைச் சொன்னேன். "உங்கட மகன்ர காலை வெட்டேல்லை. வெட்டவும் மாட்டினம். அது வெறும் சுண்ணாம்புப் புண். மருந்து கட்டி, மிதிக்காமல் வைச்சிருந்தால் ஆறும்."

கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார். "அப்ப அந்தப் புத்து?"

"பேர் மாறிப்போச்சு. என்ர பிழை."

"யாரோடய்யா மாறிச்சு?"

 அவர் கன்னத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தொட்டது.

"என்னோடயா?"

"ஓம்."

நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். அழுவார், என்னை அறைவார், மண்ணை வாரித் தூற்றுவார். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உண்மையிலேயே முகத்தைக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த மனிதர் சிரித்தார். வீங்கின கன்னம் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தார். "காளியாத்தா!" என்று கூவி, படியிலிருந்து குதித்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முந்தாநாளு கோயில்ல விழுந்து கேட்டேன்யா," என்றார். "ஆத்தா, அவனுது எனக்குக் குடுத்துரு, எனக்கு வயசாச்சு, அவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா, மாத்திருன்னு கேட்டேன். மாத்திட்டா! ரெண்டே நாளுல மாத்திட்டா பாருங்க!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "இல்லை அப்பா, அது முந்தியே உங்கட வாயிலைதான் இருந்தது. நான்தான் பேரை மாத்தி எழுதினனான். ஆத்தா ஒண்டும் மாத்தேல்லை," என்றேன். இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என் குற்றத்தை என் கையிலிருந்து பிடுங்கி ஒருவர் சாமி காலடியில் வைத்தால் எனக்குப் பொறுக்குமா?

"நீங்க படிச்சவங்க," என்றார் பெரியவர். "ஆனா நான் கேட்டது முந்தாநாளு. நீங்க கண்ணாடியில பாத்தது இன்னிக்கு. எது முந்தி?"

நான் எழுந்து மைக்ரோஸ்கோப்பை எடுக்க உள்ளே போனேன்.

சாயங்காலம் எங்கள் துரை தீவிலிருந்து திரும்பி வந்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியின் ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் ஓரத்தைப் பார்க்கவில்லை," என்றார் கடைசியில். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு அதுவும் ஓர் அதிர்ச்சி. மறுநாளிலிருந்து புட்டியின் மேல் எந்த இடத்துச் சதை என்று பென்சிலால் எழுதாமல் எதையும் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கண்ணாடியில் வைர முனையால் இலக்கம் கீறுவது என் வேலையாயிற்று. இன்னொன்றும் சொன்னார். "இனி நீ பார்ப்பதை எனக்கும் சொல்." வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டிருந்த வார்த்தை அது. கேட்டபோது சந்தோஷமே வரவில்லை.

பையனின் குதிகால் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. பெரியவரின் கன்னத்தைக் கத்தித் துரை அடுத்த வாரமே வெட்டித் தைத்தார். அந்த ஒரு வாரம் முன்னாலேயே வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். ஒரு வாரத்தில் ஒன்றும் மாறியிருக்காது, தாடைக்குக் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டது என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ. ஒரு பக்கம் கோணிய முகத்தோடு பெரியவர் இரண்டொரு தடவை வண்டி ஓட்டிக்கொண்டு போனதைச் சிராங்கூன் ரோட்டில் பார்த்தேன். டிராம் மணியடித்துப் பின்னால் நின்றாலும் வண்டியை ஒதுக்கமாட்டார். என்னைப் பார்த்தால் சாட்டையை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிடுவார். நான் ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுவேன். நான் சாமியல்ல, அந்தக் கும்பிடு எனக்குத் தாங்காது. எட்டு மாதத்தில் இறந்துபோனார். ஊர்வலத்துக்கு நான் போகவில்லை. மகன் இரண்டு காலாலும் நடந்து கொள்ளிச்சட்டி தூக்கிப் போனான் என்று டிரெசர் வந்து சொன்னார்.

அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, அதே கதவடியில் மகன் வந்து நின்றான். கையில் துணியில் சுற்றிய குழந்தை, பிறந்து சில மாதம் ஆன பிள்ளை. பையன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"ஆம்பளப் புள்ளைங்கய்யா. இன்னும் பேரு வைக்கல. இப்ப வைக்கணும். எங்கப்பா பேரத்தான் வைக்கணும்."

"வையுங்கோவன்."

"இல்லைய்யா," என்றான்.  "பேரு வழியாத்தானே அது என்கிட்டேருந்து அப்பாகிட்டப் போச்சு. இப்ப அந்தப் பேர இவனுக்கு வச்சா, பேரோட அதுவும் வந்துருமா? கண்ணாடியில பாக்கறவங்க நீங்க. நீங்க சொன்னா வைக்கிறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்துப்போன தாத்தா, சிவனின் மகன் முருகன். இந்தப் பிள்ளையும் சிவனின் மகன் முருகனாகப் போகிறான். தகப்பன் பெயரை முன்னால் எழுதினாலும் சரி, பின்னால் எழுதினாலும் சரி, எழுத்துக்கு எழுத்து அதே பெயர். அந்தப் பெயர் எழுதின ஒரு கண்ணாடி, நடுவில் கூடு கூடாகப் புற்றோடு, என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் இருந்தது.  குழந்தை கொட்டாவி விட்டது. அதன் வாய்க்குள், சிவந்த கன்னத்தின் உட்புறம், ஈரமாகப் பளபளத்தது.

"நோய்க்குப் பேர் தெரியாது, தம்பி," என்றேன். "பேர் எழுதுறது நாங்கள். அதுவும் பிழையாய் எழுதுவம். நீங்கள் தைரியமாய் வையுங்கோ."

"சத்தியமாய்யா?"

"சத்தியமாய்."

அவன் போன பிறகு பெட்டியைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்தேன். ஒட்டியிருந்த காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தேன். சுலபத்தில் வரவில்லை, பசை நன்றாகப் பிடித்திருந்தது. எல்லாம் போன பிறகு துடைத்து, வைர முனையால் 'கன்னம்' என்று மட்டும் கீறித் திரும்ப வைத்தேன். பெயரைப் பிள்ளைக்கு விட்டுவிட்டேன்.